சைலன்சர் மாற்றுதல்: போல்ட் வேலை வீட்டில், வெல்டிங் வேலை பட்டறையில்

வாசகர் கேள்வி: ஐயா, 2013-ஆம் ஆண்டு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் எங்களிடம் இருக்கிறது. இதுவரை 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின் சைலன்சர் துருப்பிடித்து, தையல் ஓரத்தில் துளை விழுந்து மூன்று மாதமாகிறது. பின்சீட்டில் உட்கார்ந்தால் லேசாகப் புகை வாடை வருகிறது என்று அம்மா சொல்கிறார். கம்பெனி சைலன்சரின் விலை அதிகமாகத் தோன்றியதால், இணையத்தில் 3,800 ரூபாய்க்கு 63 மி.மீ. வாய் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மஃப்ளர் ஒன்றை வாங்கிவிட்டேன். வண்டியோடு வந்த ஜாக், நான்கு ஹாலோ பிளாக் கற்கள், தாய்மாமாவின் கிரில் பட்டறையிலிருந்து ஒரு வெல்டிங் மெஷின் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவிலேயே மாட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். சத்தமும் கொஞ்சம் கம்பீரமாக இருந்தால் மகிழ்ச்சிதான். மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்கிறார்களே, உண்மையா? அப்பா, வம்பை விலைக்கு வாங்காதே என்கிறார். — கோயம்புத்தூர் வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளை விட, போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பின்சீட்டில் புகை வாடை வருவதாக உங்கள் தாயார் சொன்னதை அசௌகரியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கழிவுப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் மணமுள்ள மற்ற வாயுக்கள் பின்சீட்டை எட்டும் வழியாக அதுவும் எட்டும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஒட்டிக்கொள்வதால், சிறிய அளவு கூட நீண்ட பயணத்தில் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடும் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். அங்கே கசியும் புகை டிக்கிக் கதவின் ரப்பர் இடுக்குகளிலும், பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காற்றுப் போக்கிகளிலும் நுழைந்து உள்ளே வருகிறது. எனவே புது சைலன்சர் மாட்டும் வரை இந்தக் காரை அவசியத்துக்கு மட்டும் எடுங்கள். எடுக்கும்போது கண்ணாடிகளை இறக்கி, ஏசியின் காற்றுச் சுழற்சியை வெளிக்காற்று நிலையில் வைத்து ஓட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு நிறுத்திய வண்டிக்குள் காத்திருக்கும் வழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஹாலோ பிளாக். சுவரில் நிமிர்த்தி வைத்து, மேலே முழுப் பரப்பிலும் பாரம் சமமாக இறங்கும்போதுதான் அந்தக் கல் தாங்கும். காரின் அடிச்சட்டம் ஒரே ஓர் இடத்தில் அதை அழுத்தும்போது, மரத்தைப் போல் முன்கூட்டி முனகி எச்சரிக்காமல், ஒரு நொடியில் பொடியாகும். வண்டியோடு வரும் ஜாக் பஞ்சரான டயரைக் கழற்றி மாட்டுவதற்காகத் தரப்படுவது. அதை நம்பி ஒரு கையைக் கூட வண்டிக்கு அடியில் நீட்டக்கூடாது. 1988-இல் நான் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, சித்திரை வெயிலில் இளகிப் போயிருந்த தார்ச்சாலையில் வைத்த ஜாக், யார் கண்ணிலும் படாமல் மெல்லப் புதைந்து சாய்ந்து, வண்டி தரையில் வந்து அமர்ந்தது. அதுவரை அடியில் கோணிப்பையை விரித்துப் படுத்திருந்த மூத்த மெக்கானிக், டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதால் அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அந்தக் கோணிப்பையை இழுத்து எடுக்க நாங்கள் நால்வர் வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்தப் பட்டறையில், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் வண்டிக்கு அடியில் போனதில்லை.

சைலன்சர் வேலைக்கு ஸ்டாண்டை விடவும் நான் பரிந்துரைப்பது, பின்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் இரும்புச் சாய்தளங்களை. இதற்குக் காரணம் உண்டு. உங்கள் வண்டி போன்ற சிறிய கார்களில் கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஜாக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும்; கைபிரேக் இழுத்திருப்பதற்கும் இழுக்காததற்கும் வேறுபாடு இராது. சாய்தளத்தில் ஏற்றினால் சக்கரங்கள் பாரத்தைத் தாங்கியபடியே இருப்பதால் கைபிரேக்கும் வேலை செய்யும், சஸ்பென்ஷனும் சாலையில் நிற்கும் அதே நிலையில் இருக்கும். ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் அச்சு கீழே தொங்கிவிடும். அப்போது குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே நீங்கள் பார்க்கும் இடைவெளி உண்மையானதன்று. கீழே இறக்கியபின் முதல் வேகத்தடையிலேயே குழாய் அச்சில் டங்கென்று இடிப்பதும், காரணம் புரியாமல் உரிமையாளர் விழிப்பதும் இதனால்தான். எதில் ஏற்றினாலும் தரை சிமெண்ட்டாக, சமமாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் போர்ட்டிகோக்கள் மழைநீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சரித்துக் கட்டப்பட்டவை என்பதால், முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, வண்டியை நன்றாகக் குலுக்கிப் பார்த்துவிட்டு அடியில் போங்கள். ஸ்டாண்டுதான் கிடைக்கும் என்றால், தலா 2 டன் தாங்கும் இரண்டை, கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டும் கொடுங்கள்.

இனி நீங்கள் வாங்கிய மஃப்ளருக்கு வருவோம். இது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. முதலில் அளவைப் பாருங்கள். இந்த அளவு இன்ஜின்களில் பின் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 38 மி.மீ. முதல் 45 மி.மீ. வரைதான் இருக்கும். வெர்னியர் கையில் இல்லையென்றால், தையல்காரரின் இஞ்சு டேப்பைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, வரும் சுற்றளவை 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 132 மி.மீ. வந்தால் விட்டம் 42 மி.மீ. அந்தக் குழாயை 63 மி.மீ. வாயில் சேர்க்க வேண்டுமானால் நடுவில் ஒரு குறைப்புக் குழாய் வேண்டும், அதை இரு பக்கமும் பற்றவைக்க வேண்டும், மஃப்ளரைத் தொங்கவிடும் காதுகளை உங்கள் வண்டியின் ரப்பர் தொங்கிகளுக்கு ஏற்ப வெட்டி இடம் மாற்ற வேண்டும். போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை இப்படித்தான் இரும்புப் பட்டறை வேலையாக மாறுகிறது. வீட்டில் செய்யலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? என் அனுபவத்தில் அதற்கு எல்லைக்கோடு இதுதான்: ஸ்பேனரால் முடிகிற வரைக்கும் வீட்டு வேலை, அறுப்பும் பற்றவைப்பும் தேவைப்படும் இடத்திலிருந்து அது சைலன்சர் பட்டறைக்காரரின் வேலை.

உங்கள் மாமா கிரில் வேலையில் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சன்னல் கிரிலுக்கும் கதவுக்கும் பயன்படும் கனமான சதுரக் கம்பியும் பட்டையும் வேறு, 1.2 அல்லது 1.5 மி.மீ. தடிப்புள்ள புகைக்குழாய் வேறு. ராடு வைத்துப் பற்றவைக்கும் ஆர்க் மெஷினில் அந்த மெல்லிய தகடு உருகித் துளை விழும். துளையை அடைக்கப் போனால் அது இன்னும் பெரிதாகும். மிக் (MIG) வெல்டிங்கோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் டிக் (TIG) வெல்டிங்கோதான் இதற்குச் சரி. அதோடு, பெரும்பாலான கார்களில் பின்சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. குழாய் அதன் அருகே ஓடுகிறது. வண்டியின் அடிவயிற்றில் துருத்தடுப்புக்காகப் பூசிய தார்ப் பூச்சும் தீப்பிடிக்கக் கூடியது. வண்டியில் மாட்டியிருக்கும்போதே எந்த இடத்திலும் பற்றவைக்க வேண்டாம். பட்டறையிலேயே செய்தாலும், கழற்றிக் கீழே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வண்டியில் வைத்துச் செய்தே ஆகவேண்டும் என்று அவர்கள் சொன்னால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியிருக்கிறார்களா, எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் மின்னோட்டம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. வழியாகவும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் வழியாகவும் பாதை தேடக்கூடும். இன்னொன்று: தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஜி.ஐ. பைப்பில் ஒரு துண்டை வெட்டி இணைப்புக்குப் பயன்படுத்தும் யோசனை யாருக்கும் எளிதில் வரும். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு பற்றவைக்கும்போது வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவர் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் கண்டவர்போல் நடுங்குவார்.

பிக்கப், மைலேஜ் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது: இரண்டும் கூடப் போவதில்லை. ஊருக்குள் நீங்கள் ஓட்டும் வேகத்தில் பின் சைலன்சர் தரும் தடை மிகச் சிறியது. அதை அகற்றி மிச்சப்படும் சக்தியை உங்கள் கால் உணராது. பந்தய வண்டிகளில், இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டு தொடங்கிக் கடைசிக் குழாய் வரை ஒரே கணக்கில் வடிவமைத்து, இ.சி.யு.வின் எரிபொருள் அளவையும் மாற்றுகிறார்கள். அவர்கள் பெறும் பலன், கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றுபவருக்குக் கிடைக்காது. மாறாக, வேலை செய்யும்போது முன்பக்கத்து இணைப்பை அசைத்து, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு கசிவை உண்டாக்கிவிட்டால், அந்த வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று சென்சார் தவறாக எண்ணி இன்னும் பெட்ரோலைக் கேட்கும். இருக்கிற மைலேஜும் போகும்.

சத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் கம்பீரம் என்று நீங்கள் எழுதியிருப்பதற்கும் கிடைக்கப் போவதற்கும் தூரம் அதிகம். கம்பெனி சைலன்சருக்குள் தகடுகளால் பிரித்த இரண்டு மூன்று அறைகள் இருக்கும். ஒலி அலைகள் அந்த அறைகளுக்குள் எதிரொலித்து, ஒன்றன் மேடும் மற்றொன்றன் பள்ளமும் மோதித் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். எந்த இன்ஜின் எந்த வேகத்தில் எந்த ஒலியை எழுப்பும் என்று கணக்கிட்டே அறைகளின் நீளத்தை வைக்கிறார்கள். நீங்கள் வாங்கியிருப்பது, விலையையும் வாயின் அளவையும் வைத்துப் பார்த்தால், நேர்வழி மஃப்ளராகத்தான் இருக்க வேண்டும். நடுவில் துளைகள் நிறைந்த ஒரே நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. பஞ்சு கூர்மையான ஒலிகளை நன்றாக உறிஞ்சும். அடித்தொண்டை ஒலியை அவ்வளவாக உறிஞ்சாது. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 83 வெடிப்புகள், 3,000 சுற்றில் 100. அவினாசி தாண்டி சேலம் நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது இன்ஜின் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும். மூடிய காரின் உட்கூடும் ஏறத்தாழ இந்த அதிர்வெண்ணுக்கே கூடச் சேர்ந்து அதிரும். வெளியே நிற்பவருக்கு உறுமலாகக் கேட்பது, உள்ளே இருப்பவருக்குக் காதை அடைக்கும் இடைவிடாத ஓங்காரமாக இருக்கும். முதல் அரைமணி நேரம் இனிக்கும். சேலம் போய்ச் சேர்வதற்குள் உங்கள் தாயாருக்குத் தலைவலி வந்திருக்கும், இந்த முறை புகையால் அல்ல. மலிவான மஃப்ளர்களில் அந்தப் பஞ்சும் நாளடைவில் ஈரத்தாலும் சூட்டாலும் நொறுங்கி வாய் வழியே பறந்துவிடுவதால், வாங்கிய அன்று கேட்ட சத்தம் ஓரிரு ஆண்டுகளில் இன்னும் மோசமாகும்.

உங்கள் தந்தை சொன்ன வம்புக்கு வருகிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்திலும் ஒலியை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. ஒன்பது இருக்கைகள் வரையுள்ள பயணிகள் காருக்கு, 2005 ஏப்ரல் முதல், தயாரிப்பாளர் அனுமதி பெறும் சோதனையில் ஒலி 74 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஓடும் பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி வைத்த ஒலிமானியால் அதை அளக்கிறார்கள். கம்பெனி சைலன்சர் அந்தச் சோதனையில் தேறியது. நீங்கள் வாங்கியது உங்கள் வண்டியில் தேறியதாக எந்தச் சான்றும் கிடையாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி அளவையோ காற்று மாசு அளவையோ மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. சாலையில் நிறுத்தும் போலீஸ்காரர் கையில் ஒலிமானி இல்லாமல் இருக்கலாம். அவருக்குக் காது இருக்கிறது, அதுவே போதும். இன்ஜின் சத்தத்தின் மீது உங்களுக்கு உண்மையிலேயே காதல் இருந்தால், அதை அனுபவிக்க உங்கள் ஊரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு வாய்த்த அந்தப் பேறு மதுரைக்காரர்களுக்குக் கூட இல்லை.

ஆகவே அந்த மஃப்ளரைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே செய்யப்பட்ட, பழைய சைலன்சரில் உள்ள அதே இடத்தில் ஃபிளாஞ்சும் (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் தட்டையான விளிம்பு) அதே இடத்தில் காதுகளும் கொண்ட, அறைகள் உள்ள வெளிநிறுவன சைலன்சரை வாங்குங்கள். வெளிநிறுவனச் சரக்கு எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. அலுமினியம் பூசிய எஃகிலோ 409 வகை ஸ்டெயின்லெஸ் எஃகிலோ செய்யப்பட்டவை நன்றாக உழைக்கின்றன. கடையில் காந்தத்தை ஒட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு, அதில் ஏமாந்துவிடாதீர்கள். 409 வகையில் காந்தம் ஒட்டும், ஆனாலும் அது புகைக்குழாய்க்கு ஏற்ற உலோகமே, 304-இல் ஒட்டாது, ஆனால் 304 என்று சொல்லி விற்கப்படும் மலிவான 201 வகையிலும் ஒட்டாது. காந்தத்தை விட, தையல் ஓரங்களின் நேர்த்தியையும் எடையையும் நம்புங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அருகருகே வைத்துப் பார்த்து வாங்குவது எல்லாவற்றிலும் மேல். பழைய துளையின் மேல் ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். சைலன்சர் உள்ளிருந்து வெளியே துருப்பிடிப்பது. துளை தெரிகிற இடத்தைச் சுற்றியுள்ள தகடும் ஏற்கெனவே காகிதமாக மெலிந்திருக்கும்.

அப்படிப்பட்ட சைலன்சர் கிடைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோ வேலைக்கு என் ஆசி உண்டு. சனிக்கிழமை மாலையே, வண்டி நன்றாக ஆறியபின், ஃபிளாஞ்ச் போல்ட்டுகளின் மரையில் துருநீக்கி எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பதினொரு ஆண்டுக்கு மேல் சூட்டில் வெந்த போல்ட் எளிதில் இறங்காது. கழற்றுவதற்கு முன் அதை மயிரிழை அளவு இறுக்கிப் பார்த்துத் துருவின் பிடிப்பை உடைத்து, பிறகு கொஞ்சம் தளர்த்தி, மீண்டும் கொஞ்சம் இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டிக் கழற்றுங்கள். திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம், முனை வழுக்கி உருண்டையாகிவிடும். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ பயன்படுத்துங்கள். இவ்வளவு செய்தும் ஒன்று ஒடியலாம், அதனால் புது போல்ட்டும் நட்டும், இணைப்பின் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் புது கேஸ்கெட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இணைப்பில் ஸ்பிரிங் இருந்தால் அதன் வரிசையைக் கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆடும்போது குழாய்க்கு அசைவு கொடுப்பதற்காகவே அந்த ஸ்பிரிங் இருக்கிறது. தேவையில்லாத பொருள் என்று எண்ணி அதை விட்டுவிட்டு இறுக்கியவர்களின் குழாய் சில மாதங்களில் கழுத்தில் விரிசல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அடியில் படுத்திருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி அணிந்திருங்கள், துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

ரப்பர் தொங்கிகளைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் ஆயில் தடவினால் எளிதாக வரும், ஆனால் ரப்பர் ஊறி ஊதி நாளடைவில் அறுந்துவிடும். ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே சைலன்சரின் அடியில் ஒரு மரப்பெட்டியை முட்டுக் கொடுத்துவிடுங்கள். பழைய சைலன்சர் எதிர்பார்ப்பதை விடக் கனமாக இருக்கும், உள்ளே தண்ணீரும் தேங்கியிருக்கலாம். தொங்கிகளில் வெடிப்பு தெரிந்தால் அவற்றையும் மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

புதியதை மாட்டும்போது பலரும் செய்யும் பிழை, ஃபிளாஞ்சை முதலில் முழுவதும் இறுக்கிவிட்டுப் பிறகு சைலன்சரை வலிந்து இழுத்துத் தொங்கியில் மாட்டுவது. எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் பூட்டி, தொங்கிகளில் சைலன்சரை இயல்பாகத் தொங்கவிட்டு, இடம் சரிபார்த்தபின், இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அச்சு, பிரேக் ஓஸ், பெட்ரோல் லைன், பம்பரின் பிளாஸ்டிக் ஆகியவற்றிலிருந்து குழாய் எங்கும் குறைந்தது இரண்டு செ.மீ. விலகியிருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஒட்டாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. இரண்டு மீட்டர் நீள எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏழு மி.மீ. நீளும், ஸ்டெயின்லெஸ் 304-ஆக இருந்தால் பத்து மி.மீ. நீளும், அதற்கும் இடம் வேண்டும். கடைசி வாய் பம்பரின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். பம்பருக்குள்ளேயே முடிந்தால் புகை மறுபடியும் உங்கள் தாயாரின் இருக்கையைத் தேடி வரும். வண்டியின் முன்பகுதியில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம், அதைக் கழற்றிவிட்டால் இழுவை கூடும் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் சரி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது. அதை விலைக்கு எடுத்துக்கொள்ளப் பலர் ஆர்வமாக இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அது இல்லாத வண்டி மாசுச் சான்றிதழ் சோதனையிலும் சிக்கும்.

வேலை முடிந்ததும் வண்டியை இறக்கி, திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொருவர் தடித்த கையுறையும் மடித்த ஈரத்துணியும் கொண்டு சைலன்சரின் வாயைச் சில நொடிகள் பாதியளவு மூடினால், இணைப்பில் கசிவு இருந்தால் உஸ்ஸென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சூடேறும்போது முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சைலன்சரின் மேற்பூச்சும் செய்யும்போது ஒட்டிய எண்ணெயும் எரிந்து சிறிது புகையும், பயப்பட வேண்டாம். ஆனால் இந்தச் சோதனையை ஷட்டர் இறக்கிய கொட்டகைக்குள்ளோ கதவடைத்த போர்ட்டிகோவிலோ செய்யாதீர்கள், காரணம் மேலே சொல்லியதுதான். நூறு கிலோமீட்டர் ஓடியபின், வண்டி ஆறியதும், போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு அவை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

அந்தப் பழைய சைலன்சர் ஏன் துருப்பிடித்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், புதியதின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது சூட்டில் வெளியே போய்விடும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டியில், சைலன்சர் சூடாகும் முன்பே இன்ஜின் நின்றுவிடுவதால், தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டைத் தின்னும். வாரம் ஒருமுறையாவது இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரின் வாயில் தண்ணீர் சொட்டினால் அது நல்லதே. புது சைலன்சரின் அடிப்பக்கத்தில் மூன்று மி.மீ. அளவில் ஒரு சிறிய துளை இருப்பதைக் கண்டால், தொழிற்சாலையில் விட்ட குறை என்று எண்ணி மாமாவிடம் கொடுத்து அடைத்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே வைத்த துளை அது.